அக்கா விட்டுட்டுப் போன குறிப்புகள்: ஒரு பயணக் குழுவோட நிகழ்வு ஆய்வு

எதுக்காக இந்தப் பதிவு

வீல்சேர்லயும் காலிப்பர்லயும் (கால் தாங்கறதுக்குப் போடற கம்பிப் பட்ட) ஊன்றுகோல்லயும் இருக்கறவங்க, பக்கவாதம் வந்த அப்பாவயோ முட்டி தேஞ்ச அம்மாவயோ ஒரு தடவ ராமேஸ்வரம் கூட்டிட்டுப் போயிடணும்னு நெனைக்கறவங்க, இவங்கெல்லாம் சேந்து நடத்தற ஒரு வாட்ஸ்அப் குழு இது. அந்தக் குழுவுக்கு முதுகெலும்பா இருந்த ஒருத்தங்க 2022 ஆகஸ்ட்ல இறந்துட்டாங்க. அதுக்கப்பறம் என்னென்ன நடந்துச்சு, எந்த எடத்துல என்ன முடிவு எடுத்தோம், அந்த முடிவுல எது நின்னுச்சு, எத மறுபடி மாத்த வேண்டியிருந்துச்சுன்னு வரிசையா எழுதியிருக்கு. இதே மாதிரி குழு நடத்தறவங்களுக்குக் கண்டிப்பா ஒரு நாள் இந்த நெலம வரும், அப்ப கையில ஏதாவது இருக்கட்டும்னுதான் எழுதறோம். அவங்க குடும்பம் முழுசாப் படிச்சுட்டு சரின்னு சொன்ன பிறகுதான் இது வெளிய வருது. பேரு, ஊரு எதுவும் போடல. குழுவுல எல்லாரும் கூப்பிட்ட மாதிரியே இங்கயும் அக்காதான்.

பின்னணி

அக்கா டெல்டா பக்கம் ஒரு சின்ன ஊர்ல டீச்சரா இருந்தவங்க. சின்ன வயசுல போலியோ வந்தது. இந்தியாவுல கடைசி போலியோ நோயாளி 2011 ஜனவரியில, 2014-ல நாடே போலியோ இல்லாததுன்னு அறிவிச்சுட்டாங்க, அதனால இப்ப இருக்கற புள்ளைங்களுக்கு அது ஒரு சொட்டு மருந்தோட பேரு மட்டும்தான். அக்கா தலைமுறைக்கு அது வாழ்நாள் முழுக்க கூட வந்த விஷயம். நாப்பது வயசு வரைக்கும் காலிப்பர் போட்டு நடந்தாங்க, அப்பறம் தசை ரொம்ப தளந்து போயி வீல்சேருக்கு வந்தாங்க. பயணம் பண்ண ஆரம்பிச்சதே வீல்சேருக்கு வந்த பிறகுதான். "நடந்த வரைக்கும் பள்ளிக்கூடமும் வீடும்தான் பாத்தேன், உக்காந்த பிறகுதான் ஊர் பாத்தேன்"னு ஒரு வாய்ஸ் நோட்ல சொல்லியிருக்காங்க.

குழு ஆரம்பிச்சப்ப வாட்ஸ்அப்ல 256 பேருக்கு மேல சேக்க முடியாது. அதனால எடம் காலியாகறதுக்கு ஆளுங்க காத்துக்கிட்டு இருப்பாங்க. உள்ள வந்தவங்க முக்காவாசிப் பேரு கேட்ட கேள்விக்கு பதில் சொன்னது அக்காதான். ஒரு ஸ்டேஷனப் பத்திக் கேட்டா "வசதி இருக்கு"ன்னு ஒரு வார்த்தையில முடிக்க மாட்டாங்க. மாற்றுத்திறனாளி பெட்டி வண்டிக்கு எந்த முனையில வரும், அந்த முனை நிக்கற எடத்துல கூரை இருக்கா, ஒரு பிளாட்ஃபார்ம்லேர்ந்து இன்னொண்ணுக்கு லிஃப்ட் உண்டா இல்ல கடைசியில பார்சல் வண்டி போற பாதையில தண்டவாளத்தக் கடக்கணுமா, கடக்கணும்னா யாருகிட்ட சொல்லணும், டாய்லெட் கதவு எத்தன சென்டிமீட்டர், எல்லாம் வரும். வீல்சேர் பையிலயே ஒரு இஞ்ச் டேப் இருக்கும். ஊர்ல இருக்கற வெல்டிங் பட்டறையில சொல்லி, ரெண்டா மடக்கற ஒரு அலுமினிய ராம்ப் செஞ்சு வச்சிருந்தாங்க, அது இல்லாம வெளிய கெளம்ப மாட்டாங்க.

ஒவ்வொரு எடத்துக்கும் கடைசியில ஒரு வரி இருக்கும். "தனியா முடியும்", "ஒரு ஆள் வேணும்", "ரெண்டு ஆள் கை கொடுக்கணும்", இந்த மூணுல ஒண்ணு. போகாத எடத்தப் பத்தி எழுதவே மாட்டாங்க. கோயில் நிலைப்படி எவ்வளவு உயரம்னு கூட அளந்து வச்சிருந்தாங்க, ஏன்னா நம்ம ஊர் பழைய கோயில்கள்ல சாமிய மறிக்கறது கூட்டம் இல்ல, நிலைப்படிதான்.

ரயில்வே சலுக விஷயத்துலயும் பல பேருக்கு வழி காட்டினாங்க. கூட ஆள் இல்லாம போக முடியாத உடல் ஊனம்னா ஸ்லீப்பர்லயும் மூணாம் ஏசியிலயும் 75 சதவீதம், மொத ஏசி, ரெண்டாம் ஏசியில 50 சதவீதம், கூட வர்ற ஒருத்தருக்கும் அதே. 2020 மார்ச்ல மூத்த குடிமக்கள் சலுகய நிறுத்தினப்ப இதுவும் போயிடுச்சுன்னு நெனச்சு முழுக் காசு கட்டினவங்க எத்தனையோ பேரு. இது நிக்கல, தொடர்ந்து இருக்குன்னு அந்த நேரத்துல திரும்பத் திரும்ப சொன்னது அக்கா.

அந்த வாரம் நடந்தது

ஆகஸ்ட்ல காய்ச்சல்னு ஆஸ்பத்திரியில சேத்தாங்க, அது நுரையீரலுக்குப் போயிடுச்சு. மூணாவது நாள் சாயங்காலம் குழுவுல ஒருத்தர் ஆழ்ந்த இரங்கல்னு அக்கா படத்தோட ஒரு போஸ்டர் போட்டுட்டார். எங்கயோ யாரோ சொன்னத கேட்டுட்டுப் போட்டது. அரை மணி நேரத்துல நூத்துக்கணக்குல மெசேஜ், மெழுகுவத்தி, கை கூப்பற படம். அந்த நேரத்துல அக்கா ஐசியூவுல உயிரோட இருந்தாங்க. அவங்க தங்கச்சியும் குழுவுல இருந்தாங்க, ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்து அவ்வளவையும் பாத்துக்கிட்டு இருந்திருக்காங்க. அவங்க போட்டது ஒரே வரி: "அக்கா இன்னும் இருக்காங்க, தயவு செஞ்சு நிறுத்துங்க."

அட்மின் நாலு பேரும் போன்ல பேசி, அட்மின் மட்டும் மெசேஜ் போடற மாதிரி குழுவ மாத்தினோம். போஸ்டர அழிச்சோம். போட்டவர பேரு சொல்லித் திட்டல, தனியாப் பேசினோம், அவரும் அக்கா மேல உசுரா இருந்தவர்தான். மறுநாள் விடியக்காலம் உண்மையாவே போயிட்டாங்க. தம்பி ஒரு அட்மினுக்கு போன் பண்ணிச் சொன்னார், நாங்க அதோட விடாம தங்கச்சிகிட்டயும் ஒரு தடவ உறுதி பண்ணிக்கிட்டு, "குழுவுல சொல்லலாமா, என்னன்னு சொல்லணும்"னு கேட்டு, அவங்க சொன்ன வார்த்தையிலயே அறிவிப்ப போட்டோம். முந்தின நாள் அழுதவங்கள்ல நெறைய பேரு இந்த அறிவிப்ப நம்பல. அவங்களுக்கு ஒவ்வொருத்தரா பதில் சொல்ல வேண்டியிருந்துச்சு. ஒரு பொய்ச் சேதி முன்னாடி வந்துட்டா, உண்மையான துக்கத்துக்குக் கூட மக்களால முழுசா எடம் குடுக்க முடியல, அத அன்னைக்கு நேர்லயே பாத்தோம்.

முதல் பதினாறு நாள்ல எடுத்த முடிவுகள்

அடக்கத்துக்கு ஆறு பேரு போனாங்க. அதுல ரெண்டு பேரு வீல்சேர். தெருவு குறுகலு, வீட்டுக்கு முன்னாடி ரெண்டு படி. அக்காவோட ராம்ப் திண்ணையில சாத்தி வச்சிருந்துச்சு, தம்பிதான் எடுத்துப் போட்டு அவங்கள உள்ள ஏத்தினார்.

காசு விஷயம் உடனே வந்துடுச்சு. ஒரு உறுப்பினர் நினைவு நிதின்னு தன்னோட யுபிஐ க்யூஆர் கோட போட்டார். அவரு மேல யாருக்கும் சந்தேகம் இல்ல. ஆனா குடும்பத்துகிட்ட கேக்கல, எதுக்குன்னு தீர்மானம் இல்ல, வந்த காசுக்கு கணக்கு யாரு வைப்பாங்கன்னு பேச்சே இல்ல. அத நிறுத்தி, வந்திருந்த தொகைய அன்னைக்கே திருப்பி அனுப்பச் சொன்னோம். குடும்பத்துகிட்ட கேட்டப்ப, பென்ஷன் வரும், கடன் எதுவும் இல்ல, காசு வேண்டாம்னு தெளிவா சொல்லிட்டாங்க. முதல்ல கேட்டிருந்தா அந்த ஒரு நாள் சங்கடமே வந்திருக்காது.

குழுவோட படமா அக்கா படத்த வைக்கறது பத்தி ரெண்டு விதமான பேச்சு. நிரந்தரமா வைக்கணும்னு பல பேரு ஆசப்பட்டாங்க. அக்காவோட அம்மா, மால போட்ட படம் வேண்டாம்னாங்க. தம்பி சொன்ன காரணம் வேற: இந்தக் குழுவுக்குப் புதுசா வர்றவங்க பல பேரு இப்பத்தான் விபத்துல நடக்க முடியாமப் போனவங்க, முதுகுத்தண்டுல அடி பட்டவங்க, மறுபடி வெளிய போக முடியுமான்னு கேட்டுக்கிட்டு வர்றவங்க, அவங்க உள்ள நுழையறப்ப இறந்தவங்க படம்தான் முதல்ல தெரியணுமா. அதுக்கப்பறம் யாரும் வாதாடல. கருமாதி வரைக்கும் அரிச்சல்முனையில ஆட்டோக்குள்ள உக்காந்து அக்கா சிரிக்கற படத்த வச்சோம், பதினாறாம் நாள் முடிஞ்சதும் பழைய படத்துக்கு மாத்தியாச்சு.

ஃபேஸ்புக் கணக்குல கொஞ்சம் அவசரம் நடக்கப் பாத்துச்சு. இறந்தவங்க கணக்க நினைவுக் கணக்கா மாத்தச் சொல்லி யாரு வேணா, சாவுச் சான்றோ அறிவிப்போ வச்சு விண்ணப்பிக்கலாம். அப்படி மாத்திட்டா பொறந்த நாள் நினைவூட்டல் நின்னுடும், அது நல்லதுதான். ஆனா அதுக்கப்பறம் அந்தக் கணக்குக்குள்ள பாஸ்வேர்டு தெரிஞ்சவங்க கூட நுழைய முடியாது. உயிரோட இருக்கறப்பவே ஒருத்தர பொறுப்பாளரா நியமிச்சு வைக்கற வசதி 2015-லேர்ந்து இருக்கு, அக்கா அது பண்ணல. ஒரு உறுப்பினர் விண்ணப்பம் போடத் தயாரா இருந்தார், நல்ல வேளையா முன்னாடி எங்ககிட்ட சொன்னார். அக்கா போன்ல அந்தக் கணக்கு தெறந்தே இருந்துச்சு, வேற எங்கயும் இல்லாத பயணப் படங்கள் அதுல இருந்துச்சு. குடும்பம் எல்லாத்தையும் எறக்கிக்கற வரைக்கும் பொறுக்கச் சொன்னோம். ரெண்டு மாசம் கழிச்சு தங்கச்சியே விண்ணப்பிச்சாங்க.

நம்பர் வெளிய போன நாள்

டிசம்பர் கடைசியில ஒரு காலையில குழுவுல ஒரு வரி வந்துச்சு, அக்கா பேரப் போட்டு வெளியேறிட்டாங்கன்னு. பல பேருக்கு அது ரெண்டாவது சாவு மாதிரி ஆயிடுச்சு. குடும்பம் கோவத்துல நீக்கிட்டாங்களோ, யாராவது போன திருடிட்டாங்களோன்னு கேள்வி மேல கேள்வி. நடந்தது சாதாரண விஷயம். 120 நாள் பயன்படுத்தாத கணக்க வாட்ஸ்அப் தானா அழிச்சிடும், அப்ப குழுவுலேர்ந்தும் போயிடும். போன அணச்சு பீரோவுல வச்சிருந்தாங்க.

அந்த நாள்லதான் இன்னொண்ணு தோணுச்சு. ரீசார்ஜ் பண்ணாத நம்பர் கொஞ்ச மாசம் கழிச்சு வேற ஒருத்தருக்குப் போயிடும். அக்கா பேருல சேவ் பண்ணி வச்ச நம்பர்லேர்ந்து முகம் தெரியாத ஒருத்தர் படம் வரும், இல்ல அவசரமா பணம் வேணும்னு மெசேஜ் வரும். அதனால எல்லாரையும் அந்த நம்பருக்குப் பக்கத்துல இப்ப அக்கா இல்லன்னு குறிச்சு வச்சிக்கச் சொன்னோம். வீட்டுல வங்கிக் கணக்கு அந்த நம்பரோட இணைஞ்சிருந்துச்சு, அத மாத்தற வரைக்கும் சிம் உயிரோட இருக்கணும்னு தம்பிகிட்ட சொல்லி ரீசார்ஜ் பண்ண வச்சோம்.

குறிப்புகள ஒண்ணு சேத்தது

அக்கா எழுதினது எதுவும் ஒரே எடத்துல இல்ல. குழுவுல டைப் பண்ணினது கொஞ்சம், வாய்ஸ் நோட்ல பேசினது அதிகம். வாட்ஸ்அப் சாட்ட வெளிய எடுத்தா, மீடியாவோட சேத்து கடைசி பத்தாயிரம் மெசேஜ்தான் வரும். பேசற குழுவுக்கு அது ஒரு வருஷத்துக்குக் கூடப் பத்தாது. அதனால குழுவுல இருக்கற ஒவ்வொருத்தரையும் பழைய போன எடுத்து சார்ஜ் போட்டுப் பாக்கச் சொன்னோம். ஒருத்தர்கிட்ட 2018 இருந்துச்சு, இன்னொருத்தர்கிட்ட கொரோனா காலம் இருந்துச்சு. நடுவுல சில மாசங்கள் யாருகிட்டயும் இல்ல, அது போனது போனதுதான். கேட்டு எழுதினவங்க அஞ்சு பேரு, எல்லாரும் வேல முடிஞ்சு வந்து ராத்திரியில பண்ணினாங்க.

அப்பத்தான் ஒரு பெரிய கேள்வி வந்துச்சு, இத நாங்க யாரும் முன்கூட்டி யோசிக்கவே இல்ல. அக்காவோட அறிவுல பாதி குழுவுலயே இல்ல, தனி மெசேஜ்ல இருந்துச்சு. பொண்ணுங்க பொதுவுல கேக்க முடியாததெல்லாம் அக்காகிட்டதான் கேட்டாங்க. ராத்திரி வண்டியில கதீட்டர் பைய (மூத்திரம் சேர்ற பை) எங்க காலி பண்றது, மாதவிடாய் நாள்ல ஒம்பது மணி நேரம் சீட்ல எப்படி சமாளிக்கறது, தண்ணி குடிக்காம கெளம்பினா என்ன ஆகும், டயாப்பர் எங்க மாத்தறது. அக்கா ஒண்ணு விடாம பதில் சொல்லியிருக்காங்க, தன் உடம்ப வச்சே சொல்லியிருக்காங்க. இது போனா மறுபடி கெடைக்காது. ஆனா இது அக்காவோட அந்தரங்கம் மட்டும் இல்ல, கேட்டவங்களோடதும் கூட.

முடிவு இப்படி எடுத்தோம்: தனி மெசேஜ் வச்சிருக்கறவங்க தானா முன்வந்தா மட்டும் வாங்கறது, ரெண்டு பெண் உறுப்பினர்கள் மட்டும் அத படிக்கறது, கேட்டவங்க யாருன்னு தெரியற ஒரு வரி கூட இல்லாம எடுத்துட்டு பதில மட்டும் வச்சிக்கறது, அதையும் தங்கச்சி ஒரு தடவ பாத்த பிறகு பெண்களுக்கான தனிக் குறிப்பா வைக்கறது. தங்கச்சி ரெண்டு எடத்த எடுக்கச் சொன்னாங்க. எதுக்குன்னு கேக்காம எடுத்துட்டோம். எல்லாத்தையும் தொகுத்து அக்கா எழுதின மாதிரியே, எழுத்துப் பிழ கூட திருத்தாம, ஒரு கோப்பாக்கி 2023 பொங்கலுக்குக் குழுவுல வச்சோம்.

மண்டபம் ஸ்டேஷன்ல நடந்தது

அந்தக் கோப்புல எல்லாரும் அதிகமா படிச்ச பக்கம் ராமேஸ்வரம். அக்கா அத ரொம்ப ஆசையா எழுதியிருந்தாங்க. வண்டி ராமேஸ்வரம் வரைக்கும் போகும், அதுதான் கடைசி ஸ்டேஷன், அதனால எறங்க அவசரம் இல்ல, எல்லாரும் போன பிறகு நிதானமா ராம்ப போட்டு எறங்கலாம். கோயில் பிரகாரம் நீளமா சமமா இருக்கும். தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை வரைக்கும் 2017-லேர்ந்து தார் ரோடு, மணல்ல மாட்டாம ஆட்டோவுலயே போயி ரெண்டு பக்கமும் கடலப் பாக்கலாம். எழுதினப்ப எல்லாமே உண்மை.

2022 டிசம்பர் 23-லேர்ந்து பழைய பாம்பன் பாலத்துல ரயில் நின்னுடுச்சு. 1914-ல கட்டின பாலம், தூக்கற பகுதி பலவீனமாயிடுச்சுன்னு நிறுத்தினாங்க. வண்டிகள் பாலத்துக்கு இந்தப் பக்கமே, மண்டபம் ஸ்டேஷனோடயும் ராமநாதபுரத்தோடயும் நின்னுச்சு. பிப்ரவரியில மேற்குப் பக்கத்துலேர்ந்து ஒரு பொண்ணு, பக்கவாதம் வந்த அப்பாவ வீல்சேர்ல கூட்டிக்கிட்டுக் கெளம்பினாங்க. வண்டி மண்டபத்துல நின்னுடும்னு அவங்களுக்குத் தெரியும். மிச்ச தூரத்த அங்கேர்ந்து பாத்துக்கலாம்னு நெனச்சாங்க, ஏன்னா அக்கா குறிப்புல அந்தப் பக்கம் பத்தி ஒரு கஷ்டமும் எழுதல. எழுத வேண்டிய அவசியம் அக்காவுக்கு வரவே இல்ல, அவங்க மண்டபத்துல எறங்கினதே இல்ல.

மாற்றுத்திறனாளி பெட்டி கடைசி முனையில நின்னுச்சு, உதவிக்கு ஆள் கெடைக்க நேரமாச்சு, அப்பறம் படி ஒசந்த பஸ்ஸுல ரெண்டு பேரு கக்கத்துல கை குடுத்து ஏத்தினாங்க. பக்கவாதம் வந்த பக்கத்துத் தோள்ல அப்படித் தூக்கக் கூடாது. தோள் பெசகிடுச்சு. சாமி பாக்காம மறுநாளே திரும்பிட்டாங்க. அந்தப் பொண்ணு குழுவுல கோவமா எதுவும் எழுதல. "அக்கா எழுதினத நம்பித்தான் வந்தோம்"னு மட்டும் போட்டாங்க.

விவாதமும் முடிவும்

கோப்ப எடுத்துத் திருத்தணும்னு உடனே ஒரு பக்கம் கெளம்புச்சு. இன்னொரு பக்கம், அக்கா எழுத்துல கை வைக்க நாம யாரு, அது அவங்க நினைவு, அத அப்படியே விடுங்க, வேணும்னா கீழ ஒரு எச்சரிக்க போடுங்கன்னு சொன்னாங்க. அந்தப் பக்கம் பேசினவங்க வெறும் பிடிவாதக்காரங்க இல்ல. அதுல ஒரு அம்மா, புள்ளைய எழந்தவங்க, அக்காவோட வாய்ஸ் நோட்ட கேட்டு எழுதினதுல பாதி அவங்கதான் பண்ணினாங்க. ஒரு வாரம் பேச்சு நீண்டுச்சு, ரெண்டு பேரு குழுவ விட்டும் போனாங்க.

முடிச்சு வச்சது அக்காதான். கேட்டு எழுதினவர்ல ஒருத்தர் 2019 வாய்ஸ் நோட் ஒண்ண தேடி எடுத்துப் போட்டார். திருச்சி பத்தி தான் முன்னாடி சொன்னத அக்காவே திருத்தறாங்க: "போன வருஷம் நான் சொன்ன எடத்துல இப்ப தடுப்பு வச்சுட்டாங்க, அத நம்பிப் போயிடாதீங்க, பழசு யாரு வச்சிருந்தாலும் அழிச்சிடுங்க." தேடத் தேட அதே மாதிரி இன்னும் பல எடத்துல இருந்துச்சு. அக்கா தன் குறிப்புகள ஒரு நாளும் நினைவுச் சின்னமா வச்சுக்கல, ஓயாம மாத்திக்கிட்டே இருந்திருக்காங்க. எங்க கோப்புல காணாமப் போனது என்னன்னா தேதி. சாட்ல இருந்த வரைக்கும் ஒவ்வொரு மெசேஜுக்கும் தேதி இருந்துச்சு, எடுத்துத் தொகுத்தப்ப 2017-ல சொன்னதும் 2022-ல சொன்னதும் ஒரே பக்கத்துல ஒரே குரல்ல நின்னுடுச்சு.

ரெண்டு பிரதி வைக்கறதுன்னு தீர்மானம் ஆச்சு. அக்கா எழுதினது எழுதின மாதிரி ஒண்ணு, தேதிய தேடிப் போட்டு, குடும்பத்துகிட்டயும் குழுவுலயும் இருக்கும், யாரும் தொட மாட்டாங்க, முதல் பக்கத்துலயே இத வச்சுப் பயணம் போகாதீங்கன்னு எழுதியிருக்கும். இன்னொண்ணு ஓடற ஷீட், அப்பப்ப மாத்திக்கிட்டே இருக்கறது. ஒவ்வொரு எடத்துக்கும் அக்கா சொன்னது ஒரு கட்டம், இப்ப இருக்கறது ஒரு கட்டம், கடைசியா நேர்ல பாத்த மாசம், எந்த மாதிரி வீல்சேரோட பாத்தாங்கன்னு. ஒரு வருஷமா யாரும் பாக்கலேன்னா அந்த வரி சாம்பல் நிறமாயிடும். எங்களப் பொறுத்தவரைக்கும் இந்த முடிவுதான் எல்லாத்துலயும் முக்கியமானது. அக்கா மேல இருக்கற பாசத்த, அவங்க சொன்னத அப்படியே வச்சுக் காட்டறத விட, அவங்க செஞ்சத செஞ்சு காட்டறதுதான் சரின்னு முழு மனசா நம்பறோம்.

சரிபாத்தப்ப தெரிஞ்சது

வேல நாங்க நெனச்சத விடப் பெருசு. 2022 மே மாசமே எழும்பூர், மதுர, காட்பாடி, ராமேஸ்வரம், கன்னியாகுமரின்னு அஞ்சு ஸ்டேஷன புதுப்பிச்சுக் கட்ட அடிக்கல் நாட்டிட்டாங்க, அந்த அஞ்சுமே அக்கா விரிவா எழுதின எடம். 2023 டிசம்பர்ல சென்னைக்கு கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட் வந்துச்சு, கோயம்பேடு பத்தின பக்கம் பாதிக்கு மேல செல்லாம போச்சு. 2024-ல சென்னையில தாழ்தள பஸ் வந்துச்சு, அது அக்கா வருஷக் கணக்குல கேட்டுக்கிட்டு இருந்தது. 2025-ல திருச்சியில பஞ்சப்பூர் பஸ் ஸ்டாண்ட். அதே வருஷம் ஏப்ரல் 6-ஆம் தேதி புதுப் பாம்பன் பாலம் தெறந்து, ரயில் மறுபடி ராமேஸ்வரம் போச்சு. ரெண்டு வருஷமா சாம்பலா இருந்த வரிய மாத்தினவங்க, தோள் பெசகின அந்த அப்பாவும் பொண்ணும். அவங்களே கேட்டு வாங்கிக்கிட்ட வேல அது.

மெரினா பத்தி அக்கா எழுதின குறிப்புல அளவே இல்ல, "ரோட்டுலேர்ந்து பாத்தேன்"னு மட்டும் இருக்கும். அக்கா போயி மூணு மாசம் கழிச்சு, 2022 நவம்பர்ல அங்க மணல் மேல 263 மீட்டருக்கு மரப் பாத போட்டாங்க, ரெண்டு வாரத்துல மாண்டஸ் புயல் வந்து அதோட கடல் பக்கத்த பிச்சுடுச்சு, அப்பறம் சரி பண்ணினாங்க. ஷீட்ல அக்கா கட்டத்துல அளவு எதுவும் இல்லாம, இப்ப கட்டம் மட்டும் நெறஞ்ச முதல் வரி அதுதான்.

நடக்கறவங்க போயி பாத்துட்டு வந்த தகவல் பெரும்பாலும் உதவல. ராம்ப் இருக்குன்னு எழுதுவாங்க. போயி பாத்தா ராம்ப் தொடங்கற எடத்துல ரெண்டு இஞ்சுக்கு ஒரு தூக்கல் இருக்கும், நடக்கற காலுக்கு அது கண்ணுல படாது, வீல்சேரோட முன் சக்கரம் அதுல நின்னுடும். சரிவு எவ்வளவுன்னும் தெரியாது. ஒரு அடி ஏற பன்னெண்டு அடி நீளம் வேணும்ங்கறது விதி, டிகிரியில சொன்னா அஞ்சுக்குக் கொஞ்சம் கீழ. இப்ப மொபைல சரிவு மேல வச்சு லெவல் ஆப்ல டிகிரி பாத்து, டேப் தெரியற மாதிரி போட்டோ எடுத்தாத்தான் ஷீட்ல ஏறும். அந்த ராம்ப தம்பி குழுவுக்கே குடுத்துட்டார். திருச்சியில ஒரு உறுப்பினர் வீட்டுல இருக்கு, யாரு வேணா வாங்கிட்டுப் போயி திருப்பிக் குடுக்கலாம். ஒரு தடவ கீல் உடைஞ்சுச்சு, அதே பட்டறையில கொண்டு போயி பத்த வச்சோம்.

மறுபடி இப்படி ஒரு நெலம வந்தா

யாருக்காவது உடம்பு சரியில்லன்னா அந்தக் குடும்பத்துல ரெண்டு பேரு சொல்லாம எந்தச் சேதியும் குழுவுல வரக் கூடாதுன்னு இப்ப விதி இருக்கு, அதுக்கு முன்னாடி யாரு போட்டாலும் அட்மின் உடனே எடுத்துடலாம். காசு, படம், கணக்கு மூணுலயும் முதல் கேள்வி குடும்பத்துகிட்டதான். குழுவுல சேர்றப்பவே ஒவ்வொருத்தர்கிட்டயும், நீங்க எழுதறத உங்களுக்கு அப்பறம் வச்சிக்கலாமா, தனி மெசேஜ என்ன பண்றது, வீட்டுல யாருகிட்ட பேசணும்னு கேட்டு வச்சுடறோம். கேக்க சங்கடமாத்தான் இருக்கு. ஆனா அக்கா விஷயத்துல இது தெரியாம எல்லாத்தையும் தங்கச்சி தலையில போட்டோம், அக்கா போயி ரெண்டு மாசம் கூட ஆகாத ஒருத்தங்ககிட்ட அவங்க அக்காவோட அந்தரங்கத்த வரி வரியா படிக்கச் சொன்னோம். அத இன்னும் தள்ளி வச்சிருக்கலாம், அவசரமே இல்ல. ராமேஸ்வரம் பக்கத்ததான் தள்ளி வச்சிருக்கக் கூடாது.

தகவல் எதுவும் ஒரே ஆளுகிட்ட குவியாம பாத்துக்கறதும் ஆரம்பிச்சிருக்கோம். மாவட்டத்துக்கு ரெண்டு பேரு பொறுப்பு, அதுல ஒருத்தராவது வீல்சேர்லயோ காலிப்பர்லயோ இருக்கணும். அக்கா மாதிரி எழுத யாருக்கும் வரல, வரி வறண்டுதான் இருக்கு. அதுக்காக ஷீட்ல அக்கா கட்டத்த மறைக்கல, இடது பக்கம் அவங்க பேச்சு அப்படியே தெரியும்.

வருஷா வருஷம் ஆகஸ்ட் மாசம் ஒவ்வொருத்தரும் ஒரு சாம்பல் வரிய எடுத்து நேர்ல போயி பாத்துட்டு வர்றது. முதல் வருஷம் பதினோரு பேரு போனாங்க, அப்பறம் கூடியிருக்கு. அக்காவோட அம்மா உடம்பு முடியாதவங்க, அவங்க தன் பங்குக்கு அக்கா வேல பாத்த பள்ளிக்கூடத்து வாசல் ராம்ப தம்பிய விட்டு அளக்கச் சொல்லி அனுப்பினாங்க. தென்காசி பக்கம் அருவிகளும் நாகர்கோவில் பக்கம் நாலு கோயிலும் இன்னும் யாரும் பாக்காமத்தான் கெடக்கு. அந்தப் பக்கம் வீல்சேரோட போறவங்க யாராவது இருந்தா டேப்பும் லெவல் ஆப்பும் எடுத்துக்கிட்டுப் போங்க, படி எத்தன, நிலைப்படி எவ்வளவு உயரம், எத்தன ஆள் வேணும்னு அளந்து அனுப்புங்க.